பச்சை காட்டிய டெஸ்ட்களுக்குள் ஒளிந்திருந்த ஓட்டைகள்: ஒரு வால்ட் கான்ட்ராக்ட் அனுபவம்

பாதுகாப்பு ஆடிட்டுக்கு அனுப்பும் முன் ஒரு வால்ட் கான்ட்ராக்டின் (ஈதரியத்தில் பயனர்களின் பணத்தைச் சேர்த்து வைக்கும் நிரல்) டெஸ்ட்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பயனர் யூஎஸ்டிடி என்ற டாலர் டோக்கனைப் போடுவார், பதிலுக்கு அவர் பங்கைக் குறிக்கும் ஷேர் கிடைக்கும். ஷேரைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். முதலில் எழுதிய குழு கவரேஜ் அறிக்கையையும் (டெஸ்ட்களில் எந்த வரிகள் ஓடின என்ற கணக்கு) சேர்த்தே கொடுத்திருந்தது. ஏறக்குறைய எல்லா வரியும் பச்சை. ஃபவுண்ட்ரி என்ற டெஸ்ட் கருவியை நிறுவியது, அதன் ஃபோர்ஜ் டெஸ்ட் கட்டளையை ஓட்டியது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

சேர்ந்த கட்டணத்தை ஓனர் மட்டுமே எடுக்க முடியும் என்பதற்கு ஒரு டெஸ்ட் இருந்தது. வேறொரு முகவரியிலிருந்து ஃபங்ஷனை அழைக்கிறது, ரிவர்ட் ஆகிறது (அழைப்பு தோற்று எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது), பாஸ். கான்ட்ராக்டைத் திறந்தால் அந்த ஃபங்ஷனில், ஓனரைத் தவிர யாரையும் விடாத ஒன்லிஓனர் மாடிஃபையரே இல்லை! அப்புறம் எது ரிவர்ட் ஆனது? டெஸ்டில் கட்டணமே சேரவில்லை. எடுக்கும் தொகை பூஜ்யமாக இருக்கக்கூடாது என்ற வேறொரு ரிக்வயர் வரியில் போய் நின்றிருக்கிறது. அடுத்த அழைப்பு ரிவர்ட் ஆகிறதா என்று சோதிக்கும் எக்ஸ்பெக்ட்ரிவர்ட்டை எந்தப் பிழை என்று சொல்லாமல் வெறுமனே எழுதினால், எந்த ரிவர்ட் வந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். கவரேஜோ வரி ஓடியதா என்று மட்டும்தான் பார்க்கும். சரியான காரணத்துக்காக நின்றதா என்று பார்க்காது.

இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. 2017 நவம்பரில் பாரிட்டி மல்டிசிக் வாலட்டின் (பலர் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் வாலட்) பொது லைப்ரரியில், ஓனரை நியமிக்கும் ஃபங்ஷனை யாரும் அழைக்கலாம் என்றிருந்தது. ஒருவர் அழைத்து ஓனராகி லைப்ரரியையே அழித்துவிட்டார். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் முடங்கியது. எங்கள் வால்ட்டில் விடுபட்டிருந்ததும் அதே வகைப் பூட்டுதான்.

அதனால் எல்லா எக்ஸ்பெக்ட்ரிவர்ட்டிலும் பிழையின் பெயரைக் கொடுத்தேன். ஓபன்செப்பலின் என்ற ஆயத்த கான்ட்ராக்ட் நூலகத்தின் 5-ஆம் பதிப்பில் ஓனர் பிழை கஸ்டம் எரராக, அழைத்தவரின் முகவரியோடு வரும். முகவரியையும் சேர்த்து என்கோட் செய்து கொடுங்கள். அடுத்து, கான்ட்ராக்டில் உள்ள ரிக்வயர்களையும் மாடிஃபையர்களையும் ஒவ்வொன்றாகக் கமெண்ட் செய்துவிட்டு டெஸ்ட்களை ஓட்டினேன். வரியை எடுத்த பிறகும் எல்லாம் பச்சையாகவே இருந்தால், அந்த வரியை எந்த டெஸ்டும் காவல் காக்கவில்லை. அலுப்பான வேலைதான், ஆனால் எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான்.

டெஸ்டில் வேறொரு முகவரியிலிருந்து அழைப்பதுபோலக் காட்டும் பிராங்க் பற்றி ஒரு எச்சரிக்கை. அது அடுத்து வரும் ஒரே ஒரு அழைப்புக்குத்தான் செல்லும். டிரான்ஸ்ஃபரின் அடைப்புக்குறிக்குள்ளேயே, இருப்பைக் கேட்கும் பேலன்ஸ்ஆஃப் என்று எழுதினால், முதலில் ஓடும் அந்தப் பேலன்ஸ்ஆஃப் பிராங்கைத் தின்றுவிடும். டிரான்ஸ்ஃபர் டெஸ்ட் கான்ட்ராக்டின் பெயரிலேயே போகும். இருப்பை முன்கூட்டியே ஒரு வேரியபிளில் எடுத்து வையுங்கள், அல்லது நிறுத்தும்வரை எல்லா அழைப்புகளுக்கும் செல்லும் ஸ்டார்ட்பிராங்க் பயன்படுத்துங்கள்.

அடுத்த அடி மாக் டோக்கனில், அதாவது டெஸ்டுக்கான போலி டோக்கனில். பழைய டெஸ்ட்கள் எல்லாம் 18 தசமங்கள் கொண்ட, ஒழுங்காக ட்ரூ திருப்பித் தரும் மாக் டோக்கனில் ஓடிக்கொண்டிருந்தன. ஈதரியத்தில் உள்ள உண்மையான யூஎஸ்டிடிக்கு 6 தசமங்கள். அதன் டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்ஃபர்ஃப்ரம் இரண்டும் எதையும் திருப்பித் தராது. டோக்கன்களுக்கான வழக்கமான ஐஈஆர்சி20 இன்டர்ஃபேஸ் வழியாக அழைத்தால், ட்ரூ/ஃபால்ஸ் என்ற பூல் மதிப்பு வரவில்லையே என்று இன்றைய சாலிடிட்டி (கான்ட்ராக்ட் எழுதும் மொழி) ரிவர்ட் செய்துவிடும். மெயின்நெட் ஃபோர்க்கில் (உண்மையான ஈதரியத்தின் நிலையை நகலெடுத்த சூழலில்) ஓட்டியதும் முதல் டெபாசிட்டே விழுந்தது. அதைச் சரிசெய்தால் அடுத்து, நம் டோக்கனை எடுக்க இன்னொருவருக்கு அனுமதி தரும் அப்ரூவ்: பழைய அனுமதியில் மீதி இருக்கும்போது புதுத் தொகை கொடுத்தால் யூஎஸ்டிடி மறுக்கும், முதலில் பூஜ்யமாக்க வேண்டும். இத்தகைய டோக்கன்களைச் சமாளிக்கும் ஓபன்செப்பலினின் சேஃப்ஈஆர்சி20, அதன் ஃபோர்ஸ்அப்ரூவ் இரண்டையும் போட்ட பிறகுதான் பிழைகள் நின்றன.

ஃபோர்க் டெஸ்டிலும் ஒரு வீண் அலைச்சல். ஈதரியத் தரவைக் கேட்டு வாங்க நாங்கள் பயன்படுத்திய இலவச ஆர்பிசி சேவை முதல் நாள் நன்றாக ஓடியது. மறுநாள் ஒரு வரிகூட மாற்றாமல் ஓட்டினால் 'மிஸ்ஸிங் ட்ரை நோட்' என்று பிழை. கான்ட்ராக்டில்தான் ஏதோ என்று தேடிக் களைத்த பிறகு, அந்தச் சேவையின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஃபோர்க் எடுக்க நாங்கள் கொடுத்திருந்த குறிப்பிட்ட பிளாக் எண்ணைக் கொடுக்க வேண்டாம் என்று பதில் வந்தது. அது தீர்வே இல்லை. எண்ணைப் பூட்டாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு நிலையில் டெஸ்ட் ஓடும். உண்மைக் காரணம், சாதாரண ஃபுல் நோட் (ஈதரியத் தரவைத் தாங்கும் கணினி) சமீபத்திய 128 பிளாக் அளவுக்கான நிலையைத்தான் வைத்திருக்கும். பூட்டிய பிளாக் பழசாகிவிட்டால், எல்லாப் பழைய நிலையையும் வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோட் வேண்டும். ஆர்க்கைவ் வசதியுள்ள ஆர்பிசிக்கு மாறினோம். பிளாக் எண் பூட்டியிருந்தால் ஃபவுண்ட்ரி பதில்களை டிஸ்க்கில் சேமித்துக்கொள்ளும், அடுத்தடுத்த ஓட்டங்கள் வேகமாக முடியும்.

உள்ளீட்டை மாற்றி மாற்றித் தற்செயல் எண்களால் சோதிக்கும் ஃபஸ் டெஸ்ட்தான் எனக்கு மகிழ்ச்சி தந்தது. இயல்பாக 256 முறை ஓடும்; அதை உயர்த்தி, பொருந்தாத எண்களை ஒதுக்கும் அசூமுக்குப் பதில், எண்ணை வரம்புக்குள் கொண்டுவரும் பவுண்ட் வைத்து எல்லைகளை அமைத்தேன். வால்ட்டில் லாபம் சேர்ந்தபின் மிகச் சிறு தொகை போட்டால், வகுத்தலில் கீழ்நோக்கி முழுமையாகி பூஜ்யம் ஷேர் கிடைக்கும், பணம் உள்ளேயே தங்கிவிடும் என்று எதிர் உதாரணத்தோடு காட்டியது. ஷேர் பூஜ்யமானால் ரிவர்ட் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியையும் கமெண்ட் செய்து பார்த்தேன். இந்த முறை டெஸ்ட் சிவப்பு காட்டியது.