இந்தியன் 2: இத்தனை பேர் இருந்தும்

2024 ஜூலை 12 அன்று வெளியான ‘இந்தியன் 2’ படத்தின் படப்பிடிப்பு 2019இல் தொடங்கியது. கிரேன் சரிந்து படக்குழுவினர் மூவர் உயிரிழந்த விபத்து, பெருந்தொற்று, தயாரிப்பு நிறுவனத்துக்கும் இயக்குநர் ஷங்கருக்கும் இடையிலான வழக்கு என எல்லாவற்றையும் தாண்டி வந்த படம் என்பதால், அதைக் குறை சொல்லவே மனம் கூசுகிறது. ஆயினும் ஏமாற்றத்தை மறைப்பதற்கில்லை.

1996இல் வந்த முதல் படத்தில், தீக்காயம்பட்ட மகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் சேனாபதி (கமல்ஹாசன்), மருத்துவர் கேட்ட லஞ்சத்தைக் கொடுக்க மறுத்ததால் அவளைப் பறிகொடுக்கிறார். அந்த மருத்துவரை அவர் தொலைக்காட்சி நேரலையில் கொல்லும்போது, கொலை என்பதையே மறந்து அரங்கம் கைதட்டியதற்குக் காரணம், அந்த மகளின் சாவு நம் வீட்டுச் சாவாகியிருந்ததுதான். இரண்டாம் பாகத்தில் சாகிறவர்கள் யாரென்றே நம் மனத்தில் பதிவதில்லை. வர்மத்தால் ஒருவன் குதிரைபோல ஓடி ஓடிச் சாவது விந்தையாக இருக்கிறதேயன்றி, நியாயம் கிடைத்த நிறைவைத் தரவில்லை. கணக்குப்படி நூறு வயதைக் கடந்த தாத்தா ஒற்றைச் சக்கர வண்டியில் பறப்பதைக்கூட மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது, கையில் கிடைத்த நல்ல கதையை நழுவவிட்டதுதான். லஞ்ச ஒழிப்புத் துறையில் பணிபுரியும் சமுத்திரக்கனியே லஞ்சம் வாங்குகிறார் என்பதை அறிந்து மகன் சித்தார்த் அவரைக் காட்டிக்கொடுக்க, அவமானம் தாங்காத தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். முதல் படத்தில் பெற்ற மகனையே கொன்ற சேனாபதியின் பேச்சைக் கேட்டு நடந்தவனுக்கு நேர்ந்த கதி இது. முழுப் படத்துக்கும் இதுவே போதும். ஆனால் எஸ்.ஜே.சூர்யா, பாபி சிம்ஹா, ரகுல் ப்ரீத் சிங், பிரியா பவானி சங்கர் எனப் பலருக்கும் இடம் ஒதுக்கவேண்டிய நெருக்கடியில், அந்த வீட்டின் துக்கத்துக்குள் நாம் நுழைவதற்குள்ளேயே படம் துரத்தலுக்குத் தாவிவிடுகிறது. மறைந்த விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் திரையில் மீண்டும் பார்த்தபோது ஏற்பட்ட கனம், கதை தந்ததன்று.

வெளியான சில நாள்களில் 12 நிமிடங்களைக் குறைத்தார்கள். நீளம் குறைந்தால் சரியாகிவிடும் நோயாக இது எனக்குத் தெரியவில்லை. இறுதியில் காட்டப்படும் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தில், சேனாபதியின் தந்தையும் வெள்ளையர் ஆட்சியும் வருகின்றன. மூன்று மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்களிடம், உண்மையான கதை இனிமேல்தான் என்று சொல்லி அனுப்புவது என்ன மரியாதையோ!