டிகிரி, நிமிடம், விநாடி: எக்செலில் மாற்றும்போது திசைக்குத் தனி நெடுவரிசை

37° 42′ 18″ என்ற அட்சரேகையைத் தசம டிகிரியாக்க, நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்டினால் போதும், 37.705. கணக்கு இவ்வளவுதான். தப்பு நடப்பது பெரும்பாலும் கழித்தல் குறியில்தான்.

தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் தசம வடிவில் கழித்தல் குறி வரும். அதற்காக டிகிரி செல்லில் -37 என்று போட்டு அதே சூத்திரத்தை ஓட்டினால் கிடைப்பது -36.295. வரவேண்டியது -37.705. தெற்கு வடக்காக அளந்தால் கிட்டத்தட்ட 156 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. டிகிரியின் குறியைப் பார்த்துக் கூட்டவோ கழிக்கவோ செய்யும் சூத்திரமும் முழுத் தீர்வு ஆகாது. தெற்கு 0° 12′ என்ற இடத்துக்கு -0 என்று தட்டினால் செல்லில் வெறும் 0 தான் நிற்கும். புள்ளி நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகவே டிகிரி, நிமிடம், விநாடி மூன்றையும் எப்போதும் நேர் எண்ணாகவே வைத்து, திசைக்கு நான்காவது நெடுவரிசை ஒதுக்குங்கள். அதில் தெற்கு அல்லது மேற்கு இருந்தால் மொத்த விடையையும் -1-ஆல் பெருக்க வேண்டும்.

37:42:18 என்று நேரம்போலத் தட்டி 24-ஆல் பெருக்கும் குறுக்கு வழியும் உண்டு. விடை செல்லின் வடிவத்தைப் பொது எண்ணாக மாற்றினால் 37.705 தெரியும். ஆனால் எக்செலின் வழக்கமான அமைப்பில் எதிர்ம நேரம் வெறும் ##### ஆகத்தான் தெரியும் என்பதால் இங்கேயும் திசை தனியேதான்.

தசமத்திலிருந்து டிகிரி, நிமிடம், விநாடிக்குத் திருப்பி மாற்றும்போது இரண்டு இடங்களில் தப்பு வரும். கீழ்நோக்கி முழு எண்ணாக்கும் ஐஎன்டி (INT) சார்பு -37.705-ஐ -38 ஆக்கிவிடும்; முதலில் ஏபிஎஸ் (ABS) போட்டுக் குறியை நீக்குங்கள். அடுத்தது 60 விநாடிச் சிக்கல். 12.34999-ஐப் படிப்படியாகப் பிரித்து, கடைசியில் விநாடியை ஒரு தசமத்துக்கு முழுமையாக்கினால் 12° 20′ 60.0″ என்று வந்து நிற்கும். அப்படி ஓர் அளவே கிடையாது. முழுமையாக்குவதை முதலிலேயே செய்துவிட வேண்டும்: 12.34999 × 3600 = 44459.964, ஒரு தசமத்துக்கு ரவுண்ட் (ROUND) போட்டால் 44460.0. இதை 3600-ஆல் வகுத்தால் ஈவு 12, மீதி 1260. அந்த மீதியை 60-ஆல் வகுத்தால் ஈவு 21, மீதி 0. விடை 12° 21′ 0.0″. ஈவுக்கு ஐஎன்டி, மீதிக்கு மாட் (MOD).

ஜிபிஎஸ் கருவியின் மூலத் தரவில் 3742.3000 என்று இருந்தால் அது 37 டிகிரி, 42.3 நிமிடம். புள்ளியை நகர்த்தி 37.423 என்று படிப்பவர்கள் நிறையப் பேர். பிழை 31 கிலோமீட்டருக்கு மேல். நூறால் வகுத்த முழு எண் டிகிரி, மீதி நிமிடம், அந்த மீதியை 60-ஆல் வகுத்துக் கூட்டுங்கள்.

வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய வரிகள் பிரியாமல் அடம்பிடித்தால் குறிகளைச் சந்தேகியுங்கள். டிகிரிக் குறிபோலவே தெரியும் வேறு குறிகள் உண்டு; நிமிடக் குறிக்கு நேர்கோடு, வளைகோடு எனப் பல வடிவம்; விநாடிக்கு இரண்டு ஒற்றைக் குறிகளைத் தட்டுபவர்களும் உண்டு. சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) சார்பால் எல்லாவற்றையும் ஒரே பிரிப்பானாக்கிய பிறகு நெடுவரிசைகளாகப் பிரியுங்கள்.

தசமத்தில் ஐந்து இடம் வைத்தால் அட்சரேகையில் சுமார் 1.1 மீட்டர் வரை துல்லியம். முழு விநாடியோடு நிறுத்தினால் சுமார் 31 மீட்டர். மூலத்தில் முழு விநாடிதான் இருக்கிறது என்றால் எட்டுத் தசம இடம் காட்டிப் பயனில்லை.