சிங்க் அடியில் வந்த பலகை: எங்கள் மாடுலர் கிச்சன் பட்ட பாடு

தை பத்தாம் தேதி பால் காய்ச்ச நாள் குறித்து, பத்திரிகையும் அடித்துக் கொடுத்துவிட்டோம். மார்கழி பத்தாம் தேதி எங்கள் சமையலறையில் பொருத்திய பெட்டிகளில் பாதியைக் கழற்றி வெளியே அடுக்கி வைத்திருந்தோம். குடிவந்து மூன்று மாதம் ஆகிறது, ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. மாடுலர் கிச்சனுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

வீடு கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம். சமையலறை, இரண்டு படுக்கையறை அலமாரி, பூஜை அலமாரி, பரண் எல்லாம் ஒரே ஆளிடம் கொடுத்து ஒரே நிறத்தில் செய்வது என்று முடிவு செய்தோம். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, டிசைன் பிடித்துப்போய், 50 சதவீதம் முன்பணம் கட்டியதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. சரக்கு வந்ததும் 40, வேலை முடிந்ததும் 10 என்று பேச்சு.

சரக்கு வந்தது. பெட்டிகள் எல்லாம் இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்டி, விளிம்புக்குப் பட்டி ஒட்டி, பார்க்க அவ்வளவு அழகு. 40 சதவீதத்தையும் அன்றைக்கே அனுப்பிவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. இரண்டாம் நாள், சிங்க் கழிவுக் குழாய்க்காகப் பெட்டியின் பின்பலகையில் ஓட்டை போட்டார்கள். உள்ளங்கை அளவு வட்டத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்க்கிறேன், பிளைவுட் என்றால் விளிம்பில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரிய வேண்டும், இதில் கோடே இல்லை, மரத்தூளை அழுத்திய மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. பொருத்த வந்த தம்பி யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, இது பிளைவுட் இல்லைங்க" என்றார். அந்தத் துண்டை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் காபியில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதிப்போய், நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது. சிங்க்குக்கு அடியில் பத்து வருஷம் இருக்க வேண்டிய பலகை அது!

போன் செய்தால், "எல்லாருக்கும் இதைத்தான் மேடம் போடறோம், மேலே லேமினேட் இருக்கே, தண்ணி எப்படி உள்ளே போகும்?" என்றார் டிசைனர். விடாமல் கேட்டதும், கொட்டேஷனில் பிடபிள்யூபி, அதாவது கொதிநீரையும் தாங்கும் பிளைவுட் என்று எழுதியிருப்பது ஷட்டருக்கு, அதாவது முன்கதவுக்கு மட்டும்தான், பெட்டிக்கு இல்லை என்றார். எடுத்துப் பார்த்தோம், உண்மைதான், பெட்டிக்கு நேராக "வாட்டர்ப்ரூஃப் போர்டு" என்று மட்டும் இருந்தது. வாட்டர்ப்ரூஃப் என்று ஒரு தரமே கிடையாது. பிளைவுட்டுக்கு ஐஎஸ் என்ற இந்தியத் தர எண் உண்டு. ஐஎஸ் 710 என்றால் பிடபிள்யூபி, 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும். ஐஎஸ் 303-இல் பிடபிள்யூஆர் (கொதிநீரை ஓரளவு தாங்குவது), எம்ஆர் என்று இரண்டு வகை, எம்ஆர் வெறும் ஈரக்காற்றுக்குத் தாங்கும், சிங்க் பக்கம் வைக்கவே கூடாது. அதனால் பெட்டி, ஷட்டர், பின்பலகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, எந்த ஐஎஸ் எண், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். கொட்டேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, டிராயர் சேனல், கூடை, கைப்பிடி எல்லாம் உள்ளேயா வெளியேயா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர் "பெட்டியும் பிடபிள்யூபி தானே?" என்று கேட்டதற்கு அந்த டிசைனர் "ஆமா சார், ஃபுல்லா" என்று பதில் போட்டிருந்தார். அதையும் ஊறிய துண்டின் போட்டோவையும் சேர்த்து அனுப்பி, இனி எல்லாம் எழுத்தில்தான் என்று சொன்னோம். மூன்று நாள் பதிலே இல்லை. நேரில் போய் ஷோரூமிலேயே உட்கார்ந்துவிட்டோம். கடைசியில் மேடைக்குக் கீழ் உள்ள ஆறு பெட்டிகளையும் ஐஎஸ் 710-இல் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். மேலே மாட்டும் பெட்டிகளுக்குத் தண்ணீர் படப்போவதில்லை என்பதால் விலையைக் குறைத்து அப்படியே விட்டோம், அதில் எனக்கு வருத்தமில்லை. புது பிளைவுட்டை வெட்டுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய் ஒவ்வொரு ஷீட்டிலும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து, அதோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை, அதாவது தயாரிப்பாளரின் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றோம். இதற்கே பதினாறு நாள் போனது.

அடுத்தது அளவு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் அளந்துகொண்டு போனார்கள். டைல்ஸும் அதற்கு அடியில் சிமென்ட்டும் சேர்ந்து ஒவ்வொரு சுவரிலும் ஏறக்குறைய ஒரு அங்குலம் தின்றுவிட்டது. ஃப்ரிட்ஜுக்கு விட்ட இடத்தில் ஃப்ரிட்ஜ் என்னவோ நுழைந்தது, ஆனால் கதவு சுவரில் இடித்து முழுசாகத் திறக்கவில்லை, காய்கறி டிரே வெளியே வரவே இல்லை. பக்கத்துப் பெட்டியைக் குறுக்கி இடம் எடுத்தோம். டைல்ஸ் முடிந்த பிறகு இன்னொரு முறை வந்து அளந்தால்தான் வெட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், சிம்னி மாடல்களையும் முடிவு செய்து அளவைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கிரைண்டர் விஷயத்தை அத்தை ஒருத்திதான் கவனித்தார். கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிய படத்தில் மேடைமேல் பூச்சாடி இருந்தது, பழக்கூடை இருந்தது. "கிரைண்டரை எங்கே வைப்பே கண்ணு?" என்றார். அப்போதுதான் உறைத்தது. பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும் டேபிள் டாப் கிரைண்டரை தினமும் தூக்கி வைக்க முடியாது. சிங்க் பக்கத்து மூலையில், 16 ஆம்ப் பிளக் பாயிண்டுக்கு நேராக அதற்கென்று நிரந்தர இடம் ஒதுக்கி, மேலே வர இருந்த ஒரு பெட்டியை எடுத்துவிட்டோம், கல்லைத் தூக்கிக் கழுவக் கை போக வேண்டுமே. உங்கள் வீட்டு அரிசி டிரம், இட்லிப் பாத்திரம், பெரிய குக்கர் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து டிசைனருக்குக் கொடுங்கள். சிலிண்டர் பெட்டிக்கு அடிப்பலகை வேண்டாம், உருட்டித் தள்ளச் சிரமம். கதவில் காற்றோட்டத்துக்கு இடைவெளி மட்டும் கட்டாயம் விடச் சொல்லுங்கள்.

நிறத்தில் ஒரு அடி. சமையலறைப் பரண் அளவு மாறியதால் அதற்கு மட்டும் லேமினேட் பிறகு வாங்கினார்கள். அதே நிற நம்பர்தான், ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரிந்தது, காலை வெயிலில் பார்த்தால் பரண் கதவு லேசாகச் சிவப்பு. லாட், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கு, மாறினால் இப்படித்தான். பேசிப் பார்த்தோம், மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். பின்பக்கப் படுக்கையறைப் பரணுக்கும் அதே அளவு என்பதால் அங்கிருந்த பழைய லாட் கதவுகளைக் கழற்றி இங்கே மாட்டிக்கொண்டோம், சிவப்புக் கதவுகள் அங்கே போயின. இப்போது சமையலறையில் எல்லாம் ஒரே நிறம், பார்க்கப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. முழு வீட்டுக்கும் லேமினேட்டை ஒரே லாட்டில் வாங்கச் சொல்லி, கூடுதலாக இரண்டு ஷீட் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பால் குறித்த நாளில் காய்ச்சினோம். மீதி 10 சதவீதம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. பரண் கதவு ஒன்றின் கீல் தொங்குகிறது, வியாழக்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றிருக்கிறார் டிசைனர். வந்து சரிசெய்து, நான் நாலு தடவை திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் பணம்.