சிரட்டைக் கரி, காந்தம், கால்வாய்த் தண்ணீர்: என் புராஜெக்ட் அனுபவம்

நாகர்கோவிலில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது புராஜெக்டுக்குக் காந்தக் கரியை எடுத்துக்கொண்டேன். இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கரித்தூளின் மேல் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடைப் படியவைத்தால், தண்ணீரில் உள்ள சாயம், ஈயம் போன்ற அழுக்கைப் பிடித்த தூளை வடிகட்டாமல் காந்தத்தாலேயே ஒதுக்கிவிடலாம். வடிதாள் வேண்டாம் என்பது பெரிய வசதி. நாங்கள் சோதனைக்கு எடுத்த மெத்திலீன் நீலச் சாயத்தை வடிதாளே கொஞ்சம் குடித்துவிடும். அதுவும் கரியின் கணக்கில் ஏறிவிடும்.

கரிக்கு வேண்டிய சிரட்டைக்கு, அதாவது தேங்காய் ஓட்டுக்கு, எங்கள் ஊரில் பஞ்சமா? சுரண்டிப் பொடித்து, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, மஃபிள் உலையில் சுட்டோம். அமிலம் போகும்வரை கழுவுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

மேக்னடைட் படியவைக்க, ஃபெரிக் குளோரைடும் ஃபெரஸ் சல்பேட்டும் இரும்புக் கணக்கில் 2:1 மோல் விகிதம். கரைசலில் கரியைப் போட்டு, சூடாக்கிக் கலக்கியபடி அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். கரைசலில் நைட்ரஜன் வாயு ஓடவில்லை என்றால் ஃபெரஸ் காற்றுப் பட்டு ஃபெரிக்காக மாறி விகிதம் கெடும். பீக்கரின் ஓரத்தில் காந்தத்தை வைத்ததும் அந்தக் கறுப்புக் கலங்கல் பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் மிதந்தது இரும்பு ஏறாத கரி. அதைக் கொட்டிவிட வேண்டும்.

ஈயத்தைச் சோதிக்கும்போது பிஎச் அளவை 5-க்குப் பக்கத்தில் வைத்தோம். ரொம்ப ஏறினால் ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே படியும், ரொம்ப இறங்கினால் தூளிலிருந்து இரும்பு கரையும். ஈயம் தானே படிந்ததா என்று ஒப்பிட, தூள் போடாத கரைசலையும் பக்கத்திலேயே கட்டாயம் வையுங்கள்.

தனித்தனியாகக் கொடுத்தபோது சாயமும் ஈயமும் நன்றாகவே போயின. சேர்த்துக் கொடுத்ததும் இரண்டும் குறைந்தன, ஈயம் அதிகமாக. இரண்டுமே நேர்மின்சுமை உள்ளவை, ஒரே இடத்துக்குத்தான் போட்டி. சாயத்துக்குக் கரியின் தட்டையான பரப்பிலும் இடம் உண்டு. ஈயத்துக்குத் தூளின் பரப்பில் உள்ள ஆக்சிஜன் தொகுதிகளை விட்டால் அதிகப் போக்கிடம் இல்லை.

பிறகு குளச்சல் பக்கம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயில், கதம்பல் என்னும் தேங்காய் மட்டை ஊறும் இடத்தில் தண்ணீர் எடுத்தோம். “மக்ளே, இந்தத் தண்ணிய எதுக்கு எடுக்க? நாறும்லா” என்றார் அங்கிருந்த அம்மா ஒருவர். அந்தத் தண்ணீரில் சாயமும் ஈயமும் நாங்களே கலந்து பார்த்தோம். கதம்பலில் இருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கரியின் துளைகளை அடைத்தது, கால்சியமும் மெக்னீசியமும் ஈயத்தோடு போட்டிக்கு வந்தன. காய்ச்சி வடித்த தண்ணீரில் கிடைத்த அழகான எண்கள் அங்கே நிற்கவில்லை.

சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஈயத்தில் 95 சதவீதம் போனாலும் 2.5 மிச்சம். இந்தியக் குடிநீர்த் தரத்தின் உச்ச அளவு 0.01 மில்லிகிராம்தான், மிஞ்சியது அதைப்போல 250 மடங்கு. அதனால்தான் அறிக்கையின் முதல் அட்டவணையில் கால்வாய்த் தண்ணீரின் முடிவையும், தண்ணீரில் மிஞ்சிய ஈயத்தையும் போட்டேன்.

தூளை மறுபடி பயன்படுத்த நீர்த்த அமிலத்தில் கழுவினால், பிடித்த ஈயம் அந்த அமிலத்துக்கு வந்துவிடும். அதைச் சிங்கில் ஊற்றாதீர்கள். தனிக் கேனில் சேர்த்து, பெயர் ஒட்டி, அபாயக் கழிவோடு ஒப்படையுங்கள்.