‘வேண்டாம்’ என்றால் நிறுத்தலாமா?

பிள்ளைகளோடு உட்கார்ந்து பயிற்சி கொடுக்கும் வேலைக்குத் தேர்வானவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதப்போவது அவர்மேல் வைக்கும் புகார் மாதிரி ஆகிவிடும். நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், சிரித்த முகம், லீவு போடுவதே அபூர்வம். அவரிடம் விட்ட பிள்ளைகளுக்கு அதன்பிறகு ஆள் மாறவே இல்லை. ஆட்டிசம் மையத்துக்கு ஆள் எடுப்பவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் அன்று இரண்டாவதாக வந்த பெண்ணைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேர்காணல் முழுக்க அவர் மேசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். பதில்கள் தெளிவாக இருந்தன, கொஞ்சம் நீளம். ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குப் பலரும் “அணைச்சுப்பேன்”, “சமாதானப்படுத்துவேன்” என்பார்கள். இவர், “ரூம்ல எது சத்தம் போடுதுன்னு முதல்ல பாப்பேன். இதோ, உங்க ஏசிகூட விட்டு விட்டு இரையுது” என்றார். அத்தனை காலம் அதே அறையில் உட்கார்ந்திருந்தும் அந்த இரைச்சல் என் காதில் விழுந்ததில்லை. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கடைசியில் வழக்கம்போல, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன்.

“பிள்ளை வேண்டாம்னு சொன்னா நிறுத்தலாமா மேடம்?”

“வேண்டாம்னா?”

“வாயால சொல்லணும்னு இல்ல. நாம காட்டற கார்டைத் தட்டி விடும், முகத்தைத் திருப்பிக்கும். அப்ப நிறுத்தலாமா? இல்ல, நிறுத்தினா செஷன் சரியா நடக்கலைன்னு ஆயிடுமா?”

“அதெல்லாம் சூப்பர்வைசர் பயிற்சியில சொல்லித் தருவாங்க.”

“சொல்லித் தருவாங்க, சரி. நீங்க எந்த மாதிரி ஆளைத் தேடறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். நிறுத்தற ஆளையா, நிறுத்தாத ஆளையா?”

எப்போது வேலைக்குச் சேர முடியும் என்று நான் அடுத்த கேள்விக்குப் போனேன். எழுந்து நின்றபோது அவர் சொன்னார்: “எனக்கும் ஆட்டிசம் இருக்கு. ஃபார்ம்ல அதுக்கு இடம் இல்ல, அதான் வாயால சொல்றேன்.”

ஃபார்மில் வேறு ஒன்றுக்கு இடம் இருந்தது. ‘கண் பார்த்துப் பேசுதல்’, ஐந்து மதிப்பெண். எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் பொதுவான மதிப்பீட்டுத் தாள் அது. யாரோ எப்போதோ கொண்டுவந்தது, நாங்களும் அதையே நகல் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆட்டிசம் மையத்தில், கண்ணைப் பார்க்காததற்காக ஒருவருக்கு மதிப்பெண் குறைகிறது. இதை நினைத்துச் சிரிப்பும் வந்திருக்கிறது, சிரித்ததற்காக வெட்கமும் வந்திருக்கிறது. அன்று மாலை அந்த வரியை இருவருக்கும் அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தேன். அப்போதும் முதலாமவர்தான் முன்னால் இருந்தார். அனுபவம், பெற்றோரிடம் பேசிய பழக்கம், வேலை நேரம், எல்லாம் அவர் பக்கம். ஒரே ஓர் இடம், அது அவருக்குப் போனது. கணக்குச் சரி. தேர்வு பற்றி என்னை உறுத்த எதுவும் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

உறுத்துவது என் பதில். அதிலும் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அதுதான் சிக்கல். நான் சிகிச்சை தெரிந்தவள் அல்ல. “தாராளமா நிறுத்தலாம்” என்று சொல்லி வேலைக்கு எடுத்து, உள்ளே போனதும் வேறு மாதிரி நடந்தால் அது ஆள் பிடிக்கச் சொன்ன பொய். தெரியாததைத் தெரிந்தவரிடம் தள்ளிவிடுவது ஒழுங்கான காரியம். இந்த வாதத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. அது நிற்காமல் போவது ஓர் இடத்தில்தான். பிள்ளையோடு நேரடியாக உட்காரும் பணிக்கு அமெரிக்காவில் 2014இல் ஆர்பிடி என்றொரு சான்றிதழ் வந்தது. 40 மணி நேரப் பயிற்சி, ஒரு திறன் சோதனை, ஒரு தேர்வு. அதன்பிறகு மாதாமாதம் வேலை செய்யும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வையில் இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்தோடு ஓடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மிச்ச நேரமெல்லாம் அறையில் பிள்ளையும் நான் எடுத்துக் கொடுத்த ஆளும்தான். கார்டைத் தட்டிவிடும் அந்த நொடியில் சூப்பர்வைசர் அங்கே இருக்க மாட்டார். அந்தப் பெண் கேட்டது அந்த நேரத்தைப் பற்றி. நான் சொன்னது அந்த ஐந்து சதவீதத்தைப் பற்றி.

இந்த வேலைக்கு வருமுன் நான் கால் சென்டருக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தேன். காலியிடம் எத்தனை நாளில் நிரம்பியது என்பதுதான் அங்கேயும் கணக்கு, இங்கேயும் அதே கணக்கு. ஆனால் இங்கே ஓர் இடம் காலியாக இருந்தால் அதற்கு நேராக ஒரு பிள்ளையின் பெயர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். முதன்முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்த அன்றுதான் என் வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று தோன்றியது. புதிதாகச் சேர்பவர்களிடமும் இதையே சொல்வேன். பொய்யில்லை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். புதியவர் வந்ததும் பாடம் தொடங்க முடியாது. எதுவும் கேட்காமல், எதையும் செய்யச் சொல்லாமல், பிள்ளை விளையாடும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அது அவரை ஏற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதைப் பேரிங் (pairing) என்பார்கள். ஆள் மாறும்போதெல்லாம் பிள்ளை இதை முதலிலிருந்து தொடங்குகிறது. அதனால், நிலைத்து நிற்பவரைத் தேடுவதே என் கடமை என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் நிலைத்து நிற்பவர் என்று நான் அடையாளம் கண்டுகொள்ளும் முகம் எது? எதையும் பெரிதாகக் கேள்வி கேட்காத முகம்தானோ என்று சில நாள் சந்தேகம் வருகிறது. சில நாள் வருவதில்லை.

அந்தக் கேள்வி அந்தப் பெண்ணின் தனிப்பட்ட விசித்திரம் என்று தள்ளவும் வழியில்லை. ஏபிஏ என்று நாங்கள் தினமும் சொல்லும், நடத்தைப் பகுப்பாய்வை வைத்துப் பயிற்சி தரும் முறைக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது 1987இல் உளவியலாளர் ஐவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு. சிறு பிள்ளைகள் 19 பேர், வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி, அவர்களில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளியில் படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்பது அதன் முடிவு. அந்தப் பிள்ளைகளை “நோ” என்று அதட்டியதும் எப்போதாவது தொடையில் அடித்ததும்கூட அதே கட்டுரையில் முறையின் பகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. இன்று எங்கள் இடத்தில் யாராவது அப்படிக் கைவைத்தால் அன்றே வேலை போய்விடும். ஆனால் சிறுவயதில் இந்தப் பயிற்சியில் இருந்து வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் சிலர், அடி மட்டுமல்ல, தங்கள் ‘வேண்டாம்’ யாருக்கும் கேட்காமல் போனதே காயம் என்று எழுதியிருக்கிறார்கள். துறைக்குள்ளும் இது போய்ச் சேர்ந்திருக்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்காக 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நெறிமுறை, பெற்றோர் சம்மதத்தோடு, பொருந்தும் இடங்களில் பிள்ளையின் இசைவையும் பெற வேண்டும் என்கிறது. அப்படியென்றால் அந்தப் பெண் கேட்டது புத்தகத்தில் ஏறிவிட்ட கேள்வி. ஆள் எடுக்கும் தாளில்தான் ஏறவில்லை.

எங்கள் சூப்பர்வைசரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “பல் தேய்க்க வேண்டாம்னா விட்டுடுவீங்களா? ரோட்டுல கையை விடுன்னா விடுவீங்களா?” என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார்: “ஆனா கார்டைத் தட்டி விடறதும் பேச்சுதான். தட்டி விடறதுக்குப் பதிலா ‘போதும்’னு ஒரு படத்தைக் காட்டக் கத்துக்கொடுத்து, அது காட்டினதும் நாம உடனே நிறுத்தணும். நிறுத்தலைன்னா அந்தப் படத்துக்கு அப்புறம் மதிப்பே இல்ல.” இரண்டும் சரியாகப்பட்டது. எந்த நேரத்தில் எது என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த செஷனுக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தப் பெண்ணை எடுத்திருந்தால் அவர் நீடித்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகள் அலறும் அறை அது. ஏசி இரைச்சலையே கவனித்தவர் அதில் எத்தனை நாள் இருந்திருப்பார்? இப்படி யோசித்தால் அவரைத் தேர்வு செய்யாதது அவருக்கே நல்லது என்றாகிறது. யாரையும் மறுத்தபிறகு ஆள் எடுப்பவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. கால் சென்டரிலும் இதையேதான் சொல்லிக்கொள்வேன், ஆகவே இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கண் பார்க்கும் வரி இப்போது தாளில் இல்லை. அதை எடுக்கச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. எதற்கு இருந்தது என்றுகூட யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய கேள்வியையே எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினேன்: பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?

பிறகு இன்னோர் இடம் காலியானபோது அவரை அழைத்தேன். பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்யும் வேலையில் சேர்ந்துவிட்டாராம், நன்றாக இருக்கிறதாம். போனை வைக்க மனமில்லாமல், உங்கள் கேள்வியை இப்போது நேர்காணலில் எல்லோரிடமும் கேட்கிறோம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“எந்தப் பதிலுக்கு மார்க்?” என்றார்.

“அதை இன்னும் முடிவு பண்ணலைங்க.”

“அப்ப கேக்காதீங்க மேடம். வேலை வேணும்னு வர்றவங்க எல்லாரும் நிறுத்துவேன்னுதான் சொல்வாங்க.”

இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லோரும் நிறுத்துவேன் என்றுதான் சொல்கிறார்கள்.