மேசையில் தட்டிய தாளம்

உக்ரைனின் லிவிவ் நகரில் மருத்துவம் படித்த நாட்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். விடுதிச் சமையல், உடற்கூறியல் தேர்வு, முதல் பனி எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். எனக்கு நாட்டுப்பாடல் ஆய்வாளர் ஃபிலாரெட் கொலெஸ்ஸாவைப் பற்றி எழுத வேண்டும். 1947-இலேயே மறைந்தவர். ஆனாலும் அவரிடம் படித்தது போலத்தான் எனக்கு இருக்கிறது.

காரணம் எங்கள் மொழி ஆசிரியை. ஒரு குளிர்கால மதியம், 1969-இல் கீவில் மறுபதிப்பான ஒரு தடித்த புத்தகத்தோடு வகுப்புக்கு வந்தார். கொலெஸ்ஸா சேகரித்த டூமா மெட்டுகள். டூமா என்பது கோப்சார்கள் என்ற பார்வையற்ற நாட்டுப் பாடகர்கள் பந்துரா என்ற நரம்புக் கருவியை மீட்டியபடி பாடிய கதைப்பாட்டு. ஆசிரியை ஒரு வரி பாடுவார், விரலால் மேசையில் தட்டி அசைகளை எண்ணுவார். அடுத்த வரியில் எண்ணிக்கை மாறிவிடும். பாடகர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோத்துப் பாடுவதால் அப்படி என்றார்.

இதைத் தாளில் பிடித்தவர்தான் கொலெஸ்ஸா. 1908-இல் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியுடன் உக்ரைனின் பொல்தாவா பக்கம் போனார். மிர்ஹொரோட் ஊரில் ஓவியர் ஒபனாஸ் ஸ்லாஸ்டியோன் கோப்சார்களை அழைத்து வந்து உதவினார். ஒரு மெழுகு உருளையில் சில நிமிடப் பாட்டுதான் பதியும், டூமாவோ நீளமானது. உருகிப் பாடிக்கொண்டிருக்கும் கிழவரை நடுவில் நிறுத்தச் சொல்ல எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார்! அப்புறம் ஊருக்குத் திரும்பி, உருளைகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு குழைவுக்கும் சுரம் எழுதினார். 1910-இலும் 1913-இலும் அவை நூலாக வந்தன.

பயணத்துக்குப் பணம் கொடுத்தது கவிஞர் லேசியா உக்ரைன்காவும் அவர் கணவர் கிளிமென்ட் க்விட்காவும். தங்கள் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். காசநோயோடு போராடிக்கொண்டிருந்த லேசியா, யால்டாவில் ஹ்னாட் ஹொன்சாரென்கோ என்ற கோப்சாரைத் தாமே பதிவு செய்தும் கொடுத்தார். இதைச் சொல்லும்போது ஆசிரியைக்குக் குரல் தழுதழுத்தது.

1930-களில் சோவியத் ஆட்சி கோப்சார்களை நசுக்கியது. பாட்டைச் சீடனுக்குக் கொடுக்கும் சங்கிலி பல இடங்களில் அறுந்தது. இன்று டூமா கற்க விரும்பும் இளைஞர்களுக்குக் கொலெஸ்ஸாவின் ஏடுகளும் ஒரு குரு. 1939 முதல் லிவிவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். ஆனால் வகுப்பறைக்கு வெளியே அவர் விட்டுச் சென்ற இந்தப் பாடம்தான் பெரிது என்பேன்.

என்னை உலுக்கியது அவருடைய இன்னொரு கருத்து. டூமாவின் வேர் இறந்தவருக்காகப் பெண்கள் அழுது பாடும் பாட்டில் இருக்கிறது என்றார் அவர். அதைக் கேட்டதும் என் அப்பத்தா நினைவுக்கு வந்துவிட்டார். எங்கள் ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் ஒப்பாரியை எடுத்துக்கொடுப்பது அவர்தான்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் போய், அரைகுறையாக நினைவிருந்த நாலு வரியைப் பாடிக் காட்டினேன். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. மறுபடி பாடச் சொன்னார். நான் பாடப் பாட, விரலால் மேசையில் தட்டி எண்ணத் தொடங்கினார்.