ஒரு 'எஸ்' என்னைய மதுர பூரா சுத்த விட்ட கதை

வேலை கிடைச்சிருச்சு. அத முதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா கீழ இருக்கறதப் படிச்சுட்டு பாவம் இந்தப் பொண்ணு இன்னும் அலையுதுபோலன்னு நெனச்சுருவீங்க. வேலை தேடுறதுல பட்டதவிட கிடைச்சதுக்கு அப்புறம் பேப்பர் ரெடி பண்றதுலதான் நொந்துட்டேன், எல்லாம் என் பேருக்கு முன்னாடி நிக்கிற இனிஷியலால.

இன்டர்வியூவ 20ம் தேதி வச்சாங்க. அக்கவுண்ட்ஸ் வேலைக்கு! ஜிஎஸ்டி பாக்குற யாருக்கும் தெரியும், மாசாமாசம் தாக்கல் பண்ற 3பிங்கற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள். காலைல பத்து மணிக்கு வரச்சொல்லி ரிசப்ஷன்ல ஒக்கார வச்சுட்டு, கேக்குறப்போ எல்லாம் "சார் போர்ட்டல்ல இருக்காரு மேடம்"னு ஒரே பதில். கண்ணாடிக் கதவு வழியா பாத்தா அவரும் ஸ்கிரீன முறைச்சுகிட்டு ஒக்காந்திருக்காரு, அது சுத்திகிட்டே இருக்கு. நாலு மணிக்கு மேல வந்து, 2பியையும் (சப்ளையருங்க ஜிஎஸ்டில காட்டுன பில் லிஸ்ட்) பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் எக்ஸெல்ல குடுத்து டேலி பண்ணுங்கன்னாரு. சப்ளையர் இன்வாய்ஸ் நம்பருக்கு முன்னாடி சைபர் சேத்துப் போட்டிருக்காங்க, ரெஜிஸ்டர்ல அது இல்ல, ரெண்டையும் தேடிப் பொருத்துற வி-லுக்கப் ஃபார்முலா போட்டா வரிசையா எரர். நான் நம்பர விட்டுட்டு சப்ளையரோட ஜிஎஸ்டி நம்பரையும் தொகையையும் சேத்து மேட்ச் பண்ணிக் காமிச்சேன், அன்னைக்கு அவரு சிரிச்சது அப்பத்தான்னு நெனைக்கிறேன். அது முடிஞ்சு ஹெச்ஆர் மேடம் "கல்யாண ப்ளான் ஏதாச்சும் இருக்கா"ன்னாங்க. ஏன், மொய் எழுதப் போறீங்களான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

நடுவுல ஒரு கன்சல்டன்சில இருந்து போன். வீட்ல இருந்தே வேலையாம், லேப்டாப் அனுப்புவாங்களாம், அதுக்கு முன்னாடி டெபாசிட் கட்டணுமாம். வேலை குடுக்கறவன் நம்மகிட்ட காசு கேட்டா அங்கயே போன வச்சிருங்க, வேற எதுவும் யோசிக்க வேணாம்.

இன்டர்வியூ முடிஞ்ச மறுநாளே ஆஃபர் மெயில் வந்துருச்சு, கூடவே டாக்குமென்ட் லிஸ்ட்டும். அங்கதான் பிரச்சனை. ஆதார்ல என் பேரு முன்னாடி 'எஸ்'. மார்க் ஷீட்லயும் பேங்க் பாஸ்புக்லயும் பேருக்குப் பின்னாடி 'எஸ்'. பான் கார்டுல மட்டும் அப்பா பேரு முழுசா செல்வராஜ்னு இருக்கு, ஏன்னா பான் ஃபார்ம்ல வெறும் இனிஷியல் போட முடியாது, விரிச்சு எழுதணும். பழைய கம்பெனில பிஎஃப் (சம்பளத்துல பிடிக்கிற சேமநிதி) ஓபன் பண்ணப்போ ஆதார்ல இருந்த மாதிரியே ஏத்திட்டாங்க. இப்ப யுஏஎன்ல, அதாவது நம்ம பிஎஃப் நம்பர்ல, பான சேக்கப் போனா பேரு பொருந்தலன்னு தள்ளிருது. அப்பா பேர முன்னாடி ஒரு எழுத்தா வச்சுக்கறது நம்ம ஊரு வழக்கம், ஃபார்ம் அடிக்கிறவனுக்கு சர்நேம் வேணும், நடுவுல நாம.

பான் சேக்கலன்னா என்னன்னு விட்றாதீங்க. அஞ்சு வருஷம் சர்வீஸ் முடியறதுக்குள்ள பிஎஃப் எடுத்து தொகை 50,000 ரூபாய்க்கு மேல போச்சுன்னா டிடிஎஸ்னு வரி பிடிப்பாங்க, பான் இருந்தா 10 சதவீதம், இல்லன்னா 20.

சரி, ஆதாரையே பான் மாதிரி மாத்திருவோம்னு ஒரு ஆதார் மையத்துக்குப் போனேன். எந்த மையம்னு சொல்லல. ஒம்பதரைக்கே டோக்கன் முடிஞ்சிருச்சு. அடுத்த நாள் எட்டு மணிக்கெல்லாம் போயி வரிசைல நின்னு டோக்கன் வாங்கி ஒக்காந்தா சர்வர் இல்ல. பதினொன்னரைக்கு சர்வர் வந்துச்சு, கவுன்ட்டர்ல இருந்தவரு டீ குடிக்கப் போயிட்டாரு. என் முறை வந்தப்போ பான் கார்டப் பாத்துட்டு "ஏம்மா, இது செல்லாது, கெசட் எடுத்துட்டு வா"ன்னாரு. பேரையே மாத்துனாத்தான அரசிதழ்ல போட்ட கெசட்டு, இது இனிஷியல விரிக்கிறதுதான, பான் அடையாளச் சான்று லிஸ்ட்ல இருக்கேண்ணேன்னு செவுத்துல ஒட்டியிருந்த அவங்க நோட்டீஸையே காமிச்சேன். கொஞ்ச நேரம் அதையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம கீபோர்ட இழுத்தாரு. பின்னாடி நின்ன அக்கா ஒருத்தங்க மெதுவா "நல்லா கேட்டம்மா"ன்னாங்க, எனக்கு அது போதும்.

இப்ப முக்கியமான விஷயம். அவங்க இங்கிலீஷ்ல டைப் பண்ணப் பண்ண தமிழ் தானா விழும். நம்ம பக்கம் திருப்பி வச்ச ஒரு ஸ்கிரீன் இருக்கும், அதப் பாக்காம சரின்னு சொல்லிராதீங்க. எனக்கு 'சேல்வராஜ்'னு விழுந்திருந்துச்சு. "அண்ணே, கொம்பு ரெட்டைச் சுழியா இருக்கு, ஒத்தையா மாத்துங்க"ன்னு சொன்னா, தமிழ்ல எப்படி இருந்தா என்னம்மா, இங்கிலீஷ்தான் பாப்பாங்கங்கறாரு. எங்கப்பா பேருண்ணேன்னு நின்னேன், மாத்திக் குடுத்தாரு. பேரு திருத்தம் வாழ்க்கைல ரெண்டே தடவதான் பண்ண முடியும், ஒரு கொம்புக்காக அதுல ஒண்ண வேஸ்ட் பண்ண முடியாது. அப்புறம் காசு: எங்கிட்ட 150 கேட்டாங்க, ரசீதுல 75தான் இருந்துச்சு. ரசீத நீட்டுனதும் மிச்சம் திரும்பி வந்துருச்சு. ரசீது வாங்காம எந்திரிக்காதீங்க, ஸ்டேட்டஸ் பாக்க வேண்டிய நம்பரும் அதுலதான் இருக்கு.

ஆதார் மாறி வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்குப் போயி ஏசில ஒக்காந்தேன். சுத்தி போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க, தலையே தூக்க மாட்டேங்குறாங்க, அதுக்கு நடுவுல நான் மட்டும் ஒரு நாவல வச்சுகிட்டு கால் மேல கால் போட்டு ஒக்காந்திருக்க கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். சாயங்காலம் தெப்பக்குளம், சுக்குக் காரத்தோட சூடா ஒரு பருத்திப்பால். வேலைல இருந்தப்போ இதெல்லாம் எங்க.

ஆதார் நெனச்சதவிட சீக்கிரமே மாறிருச்சு. அப்புறம் பிஎஃப் சைட்ல யுஏஎன் பேரத் திருத்தணும். இதுக்குப் பழைய கம்பெனி கையெழுத்து வேணும், அவங்க கால்ல விழணும்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க. அப்படி இல்ல. யுஏஎன் 2017 அக்டோபர் 1ம் தேதிக்கு அப்புறம் எடுத்ததா இருந்து, ஆதார் சரிபார்த்திருந்தா, கம்பெனி ஒப்புதல் இல்லாமலே நாமளே ஆன்லைன்ல பேரு திருத்திக்கலாம், 2025 ஜனவரில கொண்டுவந்தது. என்னோடது 2019. ஓடிபி போட்டேன், முடிஞ்சுது. பானும் ஏறிடுச்சு.

இன்னொரு வில்லங்கம் பாக்கி இருந்துச்சு. பழைய கம்பெனில நான் வேலைய விட்ட தேதியவே ஏத்தல. போன் பண்ணா "ஆடிட்டர்கிட்ட சொல்லிருக்கோம்". ஆடிட்டருக்குப் போன் பண்ணா "கம்பெனில இருந்து மெயில் வரல". ரெண்டு பேரும் என்னைய வச்சுப் பந்தாடிகிட்டு இருந்தாங்க. கடைசி பிஎஃப் கட்டி ரெண்டு மாசம் தாண்டிட்டா 'மேனேஜ்' மெனுல 'மார்க் எக்ஸிட்'னு இருக்கும், நாமளே தேதி போட்டுக்கலாம். ஆனா தேதியக் கவனமா போடுங்க, ரிலீவிங் லெட்டர்ல இருக்கறதே இருக்கணும், அப்புறம் மாத்துறது ரொம்ப கஷ்டம். போட்டு முடிச்சுட்டு ஆடிட்டருக்கு "தேவையில்ல சார், நானே பண்ணிட்டேன்"னு ஒரு மெசேஜ் அனுப்புனேன் பாருங்க, ஆஃபர் மெயில் வந்தப்போகூட அவ்ளோ சந்தோஷம் இல்ல.

திங்கக்கிழமை ஜாயினிங். ஹெச்ஆர்ட்ட எல்லாம் அனுப்பியாச்சு, நமக்கு ஏதாச்சும் ஆனா பிஎஃப் காசு யாருக்குப் போகணும்னு எழுதுற நாமினேஷன் மட்டும் பாக்கி. அம்மா பேரப் போடணும், அதுக்கு அம்மாவோட ஆதார் வேணும். பீரோல இருக்கு, எடுத்துப் பாத்துக்கோன்னு சொல்லிருக்காங்க. அதுல அம்மா பேரு எப்படி இருக்குன்னு நான் இன்னும் பாக்கல.